கோல்கீப்பர் எழுந்து போன பிறகு

கண்டி கொழும்பு வீதியில் ஹலீமின் தேத்தண்ணிக் கடையில் பின்னேரங்களில் கூடுகிறவர்கள் தேத்தண்ணிக்காகக் கூடுவதில்லை. மலைப்பிறை உதைபந்தாட்டச் சங்கத்தின் ஆகப் பெரிய ஆட்டக்காரன் யார் என்பதைத் தீர்த்துவிட்டுப் போகக் கூடுகிறார்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நடக்கும் வழக்கு அது. தீர்ந்துவிட்டால் மறுநாள் பின்னேரம் எங்கே போய் உட்காருவது என்ற யோசனை எல்லோருக்கும் இருந்ததால் யாரும் அவசரப்படுத்தவில்லை.

கடையில் உட்காரக் கை வைத்த கதிரை ஒன்றுதான். அது ஜமால்தீன் முதலாளிக்கு. புடவைக் கடைக்காரர், சங்கத்தின் தலைவர், எந்நேரமும் தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவர் பந்தைத் தொட்டிருக்கிறார். கோப்பை வென்ற வருடம் படம் பிடித்தபோது அவருடைய மடியில் பந்தை வைத்தார்கள். அந்தப் படம் கடைச் சுவரில் தொங்குகிறது. கோப்பையை வென்றவர்களில் பாதிப் பேருக்கு அதில் தலை இல்லை. தொப்பியின் குஞ்சம் மட்டும் இழை இழையாகத் தெரியும்.

எதிர்ப்பக்கத்து வாங்குப் பலகையில் மக்கீன். வழக்குப் பேசும் பிரக்கிராசி ஒருவரிடம் கிளாக்கர் வேலை. கோட்டுக் கட்டடத்துக்குள் அவன் வாய் திறக்க அனுமதியில்லை. ஆகவே அங்கே சேர்ந்துபோன வாதங்களை எல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டுவான்.

"சாலிட கால் காலில்ல, துவக்கு," என்பார் முதலாளி.

"வஹாப் பினாங்குக்குப் போகாம ஈந்திருந்தா சாலிட பேர இண்டைக்கு ஆரும் செல்ல மாட்டாங்க."

"நீ வஹாப்ட மச்சினன். ஒன்ட சாட்சிய எடுக்கேலாது."

"மச்சினன் சாட்சிய கோட்டுல எடுப்பாங்க முதலாளி. வஹாப் எனக்கு உடுக்க இன்னும் ஒரு சாரம் தர ஈக்கி, அதையும் வச்சிக்கிட்டுத்தான் அவன நல்லவன் எண்டு செல்றன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சாலி காய்ச்சலில் மௌத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. மாத்தளைக்கு எதிராக நடுக்கோட்டிலிருந்து அவன் அடித்த கோல் மட்டும் உயிரோடு இருந்தது. இருந்தது மட்டுமல்ல, வருடத்துக்கு வருடம் பின்னால் நகர்ந்துகொண்டும் இருந்தது. இந்தக் கதை நடந்த 1936இல் அந்தப் பந்து போகம்பறை மைதானத்துக்கு வெளியே, சிறைச்சாலை மதிலடியிலிருந்து புறப்பட்டது.

செத்தவனையும் கடல் கடந்தவனையும் எவ்வளவு புகழ்ந்தாலும் குற்றமில்லை. உயிரோடு இருந்து, மலைப்பிறைக்கு ஆடிக்கொண்டும் இருக்கிறவனை அவன் காது கேட்கப் புகழக் கூடாது. அதுதான் அந்தக் கடையின் சட்டம். ஒரு காலத்தில் தாஹிர் என்றொருவன் இடது பக்கத்தில் ஓடினான். "காத்து மாதிரி ஓடுறான்" என்று அவன் முகத்துக்கு நேரே முதலாளியே ஒருநாள் சொன்னார். அடுத்த கிழமை தாஹிர் சொந்த வீட்டுப் படியில் வழுக்கி முழங்கால் உடைந்தான். நாவூறு. புகழ்ந்த நாக்கு ஆளை விழுத்திவிட்டது. அன்று மழை என்பதையும், படி பாசி பிடித்தது என்பதையும், தாஹிரின் தோளில் ஒரு முழுப் பலாப்பழம் இருந்தது என்பதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

புகழும்போது மாஷா அல்லாஹ் என்று சேர்த்துச் சொன்னால் போதுமே என்றார் பள்ளிவாசல் லெப்பை.

"அது பிள்ளைக்கும் கறவ மாட்டுக்கும் சரி லெப்ப," என்றான் மக்கீன். "லெஃப்ட் விங்குக்குக் காணாது."

ஆகவே ஆட்டக்காரன் கடைக்குள் வந்தால் ஏச்சுத்தான். அன்பு கூடக் கூட ஏச்சும் கூடும். ஆனால் யாரும் மனம் நோகவில்லை, ஏனென்றால் புகழுக்கு வேறொரு வழி இருந்தது. நடுவில் நின்று கோல் அடிக்கும் அஸீஸை முதலாளி கடையில் எருமை என்பார். வீட்டுக்குப் போய், மனைவி றம்லத்திடம் அவன் சிங்கம் என்பார். றம்லத் மறுநாள் மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டுக்குச் சொல்ல, அது நாலு அடுப்படி தாண்டி அஸீஸின் மனைவி காதுக்குப் போய், அன்றிரவு சோற்றோடு அஸீஸுக்குக் கிடைக்கும். ஏச்சைக் கடையில் வாங்கி, புகழை வீட்டில் வாங்குவது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பழகிப்போயிருந்தது.

கோல்கீப்பர் இருளப்பனுக்கு வீடு இல்லை.

தெல்தெனியப் பக்கத்துக் கொக்கோத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தாய் தகப்பனைக் காய்ச்சல் கொண்டுபோனது. கண்டியில் கொக்கோ ஸ்டோர் ஒன்றில் சாக்குத் தூக்க வந்து, அதன் பின்பக்க அறையிலேயே தங்கிவிட்டான். மலைப்பிறையில் முஸ்லிம் அல்லாத ஒரே ஆள் அவன்தான். சேர்க்கலாமா என்று முதலில் பெரிய விவாதம் நடந்தது. முதல் மெட்ச்சுக்குப் பிறகு அந்த விவாதத்தைத் தொடங்கியவர் யார் என்று தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

கடையின் சட்டத்தையும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஹலீம் ஒருமுறை எண்ணியதுண்டு. மக்கீன் மறித்தான். "ஒன்ன நாங்க புகழாம ஈக்கிறோம் எண்டு செல்றதும் புகழ்தான்" என்பது அவனுடைய தீர்ப்பு.

ஸ்டோர் பூட்டியதும் இருளப்பன் நேரே கடைக்கு வருவான். வேறு போக்கிடம் இல்லை. நாள் முழுக்க அவன் கேட்ட மனிதக் குரல் ஸ்டோர் கங்காணியுடையது. அதுவும் சாக்கைப் பார்த்துப் பேசும் குரல்.

"வாங்க தொர," என்பான் மக்கீன். "கம்பளைக்காரன் ஒங்கட காலுக்கு நடுவால அடிச்ச பந்து, இன்னும் உருண்டுக்கிட்டுத்தான் ஈக்காம்."

"மழைங்க. வழுக்கிருச்சு."

"மழ மத்த கோலுக்குள்ள பெய்யல்லயா?" என்பார் முதலாளி.

இருளப்பன் சிரிப்பான். அண்ணனைக் கூப்பிடுவதுபோல ஹலீமை 'நானா' என்று கூப்பிட்டு, அவன் கொடுக்கும் தேத்தண்ணியை மெதுவாகக் குடிப்பான், முடிந்தால் எழும்ப வேண்டி வரும் என்பதால். பிறகு எழுந்து போவான். மக்கீன் வாசலுக்கு வந்து, அவன் வீதி முடக்கில் திரும்பும்வரை பார்த்து நின்று, உள்ளே திரும்பித் தலையை ஆட்டுவான். அதற்குப் பிறகுதான் கடையில் பேச்சே தொடங்கும்.

"கை இல்ல அது, வல."

"கம்பளையான் பெனல்ட்டி அடிச்சானே, உதைக்கும்வரைக்கும் அசையல்லயே மனுசன்."

"எங்கட வாப்பா காலத்துல இருந்து பாக்கிறன், இப்பிடி ஒரு கீப்பர் மலநாட்டுல இல்ல," என்று முதலாளி சொல்லும்போது அவருடைய கண் கலங்கும். அவருடைய தகப்பன் காலத்தில் கண்டியில் பந்தடி இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் முடக்கில் திரும்பும்போது இருளப்பன், மக்கீன் வாசலில் நின்று தன்னையே பார்ப்பதைக் கண்டான். நான் போய்விட்டேனா என்று பார்க்கிறான் என நினைத்தான். சரியாகத்தான் நினைத்தான்.

அறையில் கொக்கோ வாசம் சுவருக்குள்ளேயே ஊறிக் கிடக்கும். பாயில் படுத்துக்கொண்டு காலுக்கு நடுவால் போன அந்தப் பந்தை மறுபடி மறுபடி வரவழைத்துப் பிடித்துப் பார்ப்பான். மறித்த பந்துகள் எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. அவற்றைப் பற்றி அவனிடம் யாரும் பேசியதில்லையே.

கண்டிப் பெரஹரா ஊர்வலம் முடிந்தது. அடுத்த பருவம் தொடங்கப் போகிற கவலைகள் கடைக்குள் வந்து குந்தின. பின்னுக்கு ஆடுபவன் கலியாணம் முடித்து, மாமியார் வீட்டுப் புரியாணியில் தடித்துவிட்டான். அஸீஸின் முழங்கால் மழைக்காலத்தில் சத்தம் போடுகிறது. மாத்தளைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்களாம்.

"கோலுக்குள்ள அவன் ஈக்கும்வரைக்கும் பயமில்ல," என்றார் முதலாளி. அவன் முடக்குத் திரும்பிய பிறகுதான்.

அந்தக் கிழமைதான் ராஜலிங்கம் கொக்கோ ஏற்ற லொறி கொண்டுவந்தார். மாத்தளைக்காரர், லொறிச் சொந்தக்காரர், மாத்தளைக் குழுவை நடத்துகிறவரும் அவரே. சாக்குத் தூக்கிக்கொண்டிருந்த இருளப்பனின் தோளில் கையை வைத்தார்.

"நீதானே மலைப்பிறை கீப்பரு? ஒன்னைய மாதிரி ஒருத்தன நான் பாத்ததில்லப்பா. மாத்தளைக்கு வந்துரு. லொறியிலயே வேல இருக்கு."

இருளப்பன் சாக்கை இறக்க மறந்து அப்படியே நின்றான். ராஜலிங்கம் தாராளமான மனுசன். தன் லொறி டயரைப் பார்த்தும் இதே வார்த்தையைத்தான் சொல்வார். ஆனால் அது இருளப்பனுக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் கடைக்கு வந்தவன் உட்காரவில்லை.

"மாத்தளையில கூப்புடுறாங்க மொதலாளி."

ஹலீம் ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணி ஒரு கோப்பையிலேயே நின்றுவிட்டது. முதலாளி கதிரையிலிருந்து பாதி எழும்பி, மறுபடி உட்கார்ந்தார். தலைவர் அல்லவா, தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"கூப்புட்டா போறதுதானே. மலைப்பிற ஆள நம்பி ஈக்கிற சங்கமில்ல. ஆள்தான் சங்கத்த நம்பி ஈக்கணும்."

இருளப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக் கேட்டான்.

"நான் இல்லாட்டி ஒங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

பருவம் தொடங்க இன்னும் சில நாட்களே இருந்தன. நாவூறு படுவதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. தாஹிரின் முழங்கால் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் வந்து நின்றது.

"கஷ்டமா?" என்றான் மக்கீன். "ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல ஒரு வாழ மரத்த நட்டாலும் காணும். அது காலையாவது அகட்டாது."

யாரோ சிரித்தார்கள். இருளப்பனும் சிரிக்க முயன்றான். ஹலீம் தேத்தண்ணியை நீட்டி, "குடிச்சிட்டுப் போ," என்றான். இருளப்பன் நின்றபடியே அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெளியேறினான்.

அவன் முடக்குத் திரும்பியதும் மக்கீன் தலையை ஆட்டினான். அன்று யாரும் புகழத் தொடங்கவில்லை.

"இரு எண்டு மட்டும் செல்லீக்கலாமே," என்றான் ஹலீம் மெதுவாக. "இரு எண்டா புகழில்லதானே."

அது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"ஓடிப் போய்ச் செல்லுங்களேன் முதலாளி."

"சங்கத் தலைவர் ஆட்டக்காரனுக்குப் பின்னால வீதியில ஓடுறதா?" என்றார் முதலாளி. "நீ போயன்."

"அடுப்புல பால் ஈக்கி."

மக்கீனுக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது. நாளைக்கு வருவான்தானே என்று முடிந்தது. அவன் நாளைக்கு வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அதன் பிறகு செய்தியை முறைப்படி அனுப்புவதென்று தீர்மானமானது. முறை என்றால் அடுப்படி. ஆனால் இருளப்பனின் அடுப்பில் அவனைத் தவிர யாரும் இல்லை. யோசித்து யோசித்துக் கடைசியில், றம்லத்திடம் அரிசி மா இடிக்க வரும் வீரம்மா கொக்கோ ஸ்டோருக்குப் பின்னால் குடியிருக்கிறாள் என்பதை முதலாளி கண்டுபிடித்தார். அடுத்த மா இடிக்கும் நாளுக்காகச் சங்கம் காத்திருந்தது.

வீரம்மா போனபோது இருளப்பன் தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, பொடவக் கட மொதலாளி வூட்டம்மா ஒங்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நீ ரொம்ப நல்லாப் புடிக்கிறியாம்."

"என்னத்த?"

"அத சொல்லல. என்னமோ நல்லாப் புடிக்கிறியாம். போகாம இருக்கணுமாம். மொதலாளியே சொன்னாராம்."

இருளப்பன் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "நெசமாவா?"

"எனக்கென்னப்பா தெரியும்? நான் பந்தக் கண்டேனா?"

"தெனம் மொகத்துக்கு மொகம் பாக்குறாரு அக்கா. ஒரு நாளு எங்கிட்ட சொல்லலியே."

வீரம்மா முந்தானையால் மாவைத் துடைத்தாள். "பெரிய மனுசங்க. நம்ம மூஞ்சியப் பாத்தா பேசுவாங்க? எனக்கும் அந்த வூட்ல கூலிய வேலக்காரப் புள்ளைகிட்டத்தான் குடுத்து விடுறாங்க."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகத்தைச் சொன்னாள். இருளப்பன் கயிற்றை மறுபடி எடுத்தான். பிறகு முடிச்சை இறுக்கினான். மறுநாள் காலையில் கொக்கோச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து லொறியில் மாத்தளைக்குப் போனான்.

மாத்தளையில் ராஜலிங்கம் அவனை நாள்தோறும் புகழ்ந்தார். காலையில் லொறியை, பிறகு கிளீனரை, பிறகு அவனை, பிறகு சாப்பாட்டுக் கடைச் சாம்பாரை. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாக்கியம். இரண்டு கிழமையில் அந்தப் புகழ் காதில் படாமலே கடந்து போகத் தொடங்கியது. பின்னேரங்களில் பஸ் நிற்குமிடத்தில் போய் நின்று, கண்டியிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். தெரிந்தவர் யாரும் இறங்கவில்லை.

ஹலீமின் கடையில் வழக்கு வேறு திசைக்குத் திரும்பியிருந்தது. இருளப்பன் இப்போது போனவன். ஆகவே சாலிக்கும் வஹாப்புக்கும் பக்கத்தில் அவனை நிறுத்தியாயிற்று. வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் புகழ வேண்டிய தொல்லை இல்லை. கம்பளையான் அடித்த பெனல்ட்டி அதற்குள் இரண்டு பெனல்ட்டி ஆகிவிட்டது. புதிய கீப்பர், முதலாளியின் தூரத்து உறவு, முதல் மூன்று மெட்ச்சிலும் எத்தனை விட்டான் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் கடைக்கு வந்தபோது யாரும் ஏசவுமில்லை.

ஐப்பசி மழைக்கு நடுவே மாத்தளைக்காரர்கள் போகம்பறைக்கு ஆட வந்தார்கள். அதற்கு முந்திய பின்னேரம் மக்கீன் எழுந்து நின்று சாரத்தை இறுக்கினான்.

"நல்லா கேளுங்க. காது கேக்கப் புகழப்படா எண்டது எங்கட ஆளுக்குத்தான். இருளப்பன் இப்ப ஆர்ட ஆள்? எங்கட ஆளுக்குச் செய்யக் கூடாதது எது? அத அவனுக்குச் செய்யணும்."

முதலாளிக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் தொப்பிக் குஞ்சம் ஆடியது.

"கோலுக்குப் பின்னால நிண்டா?"

"கோலுக்குப் பின்னால நிண்டு. வாய் நெறய."

"அது பாவமில்லயா?" என்றான் ஹலீம்.

"பொய் செல்லச் செல்லலயே. உண்மையத்தானே செல்லப் போறோம்."

இரண்டாம் பாதி முடியும் நேரம்வரை ஒரு கோலும் இல்லை. அஸீஸ் அடித்த ஐந்தாறு பந்துகளையும் இருளப்பன் மரத்திலிருந்து காய் பறிப்பதுபோல எடுத்தான். அப்போதுதான் குடைகளோடு சங்கம் முழுவதும் அவனுடைய கோலுக்குப் பின்னால் வந்து நின்றது. முதலாளி தொண்டையைக் கனைத்துத் தொடங்கிவைத்தார்.

"இருளப்பன் மிச்சம் நல்ல கீப்பர்."

கூட்டத் தீர்மானம் வாசிப்பதுபோல இருந்தது. இருளப்பன் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருமுறை அசைந்தது.

"மலநாட்டுல இவனப் போல கெடையாது," என்றான் மக்கீன்.

பிறகு இன்னொருவன், பிறகு இன்னொருவன். கடமைக்குத் தொடங்கியது கொஞ்ச நேரத்தில் கைமீறிப் போனது. வருடக்கணக்காக அவன் முடக்குத் திரும்பிய பிறகு மட்டுமே பேசிப் பழகியவர்கள். அவனுடைய முதுகைப் பார்த்ததும் எல்லாம் வரிசை இல்லாமல் வந்தது. கம்பளையான் உதைக்கும்வரை அசையாமல் நின்றது. சேற்றுக்குள் முகம் பதிய விழுந்தும் பந்தை விடாதது. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கப் புல்லைப் பிடுங்கி விடுவது. மக்கீன், கிளாக்கர் வேலை மறந்து, "வாழ மரம் எண்டது பொய் இருளப்பா, பச்சப் பொய்," என்று கத்தினான். அது நாவூறுக்காகச் சொன்னதா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஹலீம் கடைசியாகக் கம்பத்தடிக்கு வந்தான். அவன் கத்தவில்லை, கடையில் பேசும் குரலில் சொன்னான்.

"பதுளக்காரனோட ஆடின அண்டு ஒன்ட பெருவிரல் பெசகீந்திச்சு. நீ ஆருக்கும் செல்லல. தேத்தண்ணிய எடது கையால எடுத்துக் குடிச்ச. நான் கண்டன்."

இருளப்பன் திரும்பினான்.

நனைந்த முகத்தில் மழையா வேறெதுவுமா என்று தெரியவில்லை. ஒவ்வொருவரையும் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான், மக்கீனைப் பார்த்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவனுக்குப் பின்னால் அஸீஸ் அடித்த பந்து, அப்படியொன்றும் வேகமில்லாத பந்து, சேற்றில் இரண்டு தடவை குதித்து, அவனைத் தாண்டிக் கோலுக்குள் போனது.

மைதானம் இரைந்தது. "நாவூறு பட்டுட்டு," என்றான் மக்கீன், வெற்றியும் பயமுமாக. முதலாளியின் தொப்பி எங்கோ விழுந்தது. குடைகள் எல்லாம் கோலைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடின. ஹலீமை யாரோ தோளோடு அணைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். அஸீஸைச் சூழ்ந்து நின்று, எருமை, இவ்வளவு நேரம் எங்கடா படுத்துக் கெடந்த, என்று எல்லோரும் ஒரே குரலில் ஏசினார்கள்.

இருளப்பன் மட்டும் இன்னும் கோலுக்குப் பின்பக்கம் பார்த்தபடியே நின்றான்.

"அப்பறம், ஹலீம் நானா?" என்றான்.

அங்கே மிதிபட்ட புல் கிடந்தது. நடுக்கோட்டிலிருந்து பந்தைக் கேட்டு மத்தியஸ்தர் விசில் ஊதினார். மறுபடியும் ஊதினார்.